பன்னிரண்டாயிரம் உறைகளும் ஏழாம் பரிமாணமும்

நடுவர் என்பது அவருடைய உத்தியோகம் அல்ல. உத்தியோகம் என்று பார்த்தால், அட்டைப்பெட்டித் தொழிற்கூடம் ஒன்றின் மாடியறையில் உட்கார்ந்து, ஒரு பெட்டி மடிவதற்கு முன்னால் தட்டையாக எப்படி இருக்கும் என்று கணினியில் வரைகிறவர். நடுவர் பட்டம் கைப்பேசியில் கிடைத்தது. கதைகளிலும் படக்கதைகளிலும் வருகிற வீரர்களை மோதவிட்டு, யார் பலசாலி என்று வாதாடுகிற குழு அது. மூவாயிரத்துச் சொச்சம் பேர். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் சட்டையைப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்குச் சண்டை நடக்கும். அந்தச் சண்டைகளுக்குக் கடைசித் தீர்ப்பு எழுதுகிறவர் இவர். நாற்பத்தோரு வயதில், முன்வழுக்கையும் முதுகுவலியும் உள்ள ஒரு குடும்பஸ்தருக்கு இதெல்லாம் தேவையா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. பிறர் கேட்பதற்குள் அவரே கேட்டுக்கொண்டுவிடுவார்.

அது அவருடைய சாமர்த்தியம். "நான் ஒரு தண்டம் சார்" என்று தானே முதலில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லியே ஆகவேண்டும். தாமதமாக வந்தால் தாமதத்தைப் பற்றி அவரே நக்கல் அடிப்பார். மறந்துபோனால் தன் மறதியை வைத்தே எல்லாரையும் சிரிக்க வைப்பார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டால் காரியம் முடிந்தது, அதற்கு மேல் திருந்தவேண்டிய அவசியம் இல்லை என்பது அவர் பல வருட அனுபவத்தில் கண்டுபிடித்த உண்மை. திருமணமான புதிதில் அவர் மனைவியும் சிரித்தாள். இப்போது சிரிப்பதை நிறுத்தி ஐந்தாறு வருடம் இருக்கும்.

அவருடைய தீர்ப்புகளுக்கெல்லாம் அடிப்படை ஒரே சட்டம்தான். மேல் பரிமாணத்தில் இருப்பவனைக் கீழ்ப் பரிமாணத்தில் இருப்பவன் தொடவே முடியாது. காகிதத்தில் வரைந்த புலி வரைந்தவனைக் கடிக்குமா? கடிக்காது. அதற்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, கனம் கிடையாது. கனமே இல்லாத தாள்களைக் கோடிக்கணக்கில் அடுக்கினாலும் அந்த அடுக்கின் உயரம் பூஜ்யம்தான். ஆகவே தட்டை உலகத்தார் கோடிப் பேர் திரண்டு வந்தாலும் நம்மில் ஒருவரின் சுண்டுவிரல் நகத்துக்கு ஆகமாட்டார்கள். நான்காம் பரிமாணத்தாருக்கு நாம் அப்படி. ஐந்தாமவருக்கு அவர்கள் அப்படி. இப்படியே ஏணி வைத்து ஏறிக்கொண்டே போகலாம். நடுவர் பதினொன்று வரைக்கும் ஏறியிருக்கிறார். வீட்டில் மின்விசிறியைத் துடைக்க முக்காலியில் ஏறச் சொன்னால் மட்டும் தலை சுற்றுகிறது என்பார்.

வேலை பார்க்கிற இடத்திலும் இந்தச் சட்டம்தான் நடப்பதாக அவருக்குத் தோன்றியது. மாடியில் குளிர்சாதனம், கணினி, சுழல் நாற்காலி. கீழே இயந்திரங்கள், அட்டைத் தூசி, காதை அடைக்கும் சத்தம். மாடியில் ஒரு கோடு நகர்ந்தால் கீழே பத்தாயிரம் அட்டைகள் நகரும். கீழேயிருந்து மாடிக்கு வருவதெல்லாம் சந்தேகங்கள் மட்டுமே. அந்தச் சந்தேகங்களைக் கொண்டுவருகிறவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

மச்சான் அங்கே இருபத்தாறு வருடமாக டை செய்கிறவர். தொழிற்கூடத்தில் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. டை என்றால், கெட்டியான ஒட்டுப்பலகையில் கோடு கோடாக அறுத்து, அந்தக் கோடுகளில் எஃகுப் பட்டைகளை வளைத்துப் பதித்த அச்சு. இயந்திரத்தில் மாட்டி அழுத்தினால் அட்டை வெட்டுப்படும், மடிப்புக் கோடுகளும் விழும். நடுவர் வரைவது, மச்சான் டை செய்த பிறகுதான் பெட்டியாகும். நடுவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மச்சான்தான். அதற்கு முன்னால் நடுவர் மூன்று இடங்களில் வேலை பார்த்து, மூன்றிலும் "ஒத்துவரவில்லை" என்று வெளியே வந்தவர். யாருக்கு யார் ஒத்துவரவில்லை என்பதை அவர் விளக்கியதில்லை. பத்து வயது மூத்தவராக இருந்தும் மச்சான் அவரை "மாப்ள, வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். தங்கை வீட்டுக்காரர் என்கிற மரியாதை. நடுவரோ அதைத் தன் பரிமாணத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சோப்பு தயாரிப்பவர் ஒருவருக்கு மூன்று சோப்புகள் வைக்கிற பரிசுப் பெட்டி வேண்டும். தீப்பெட்டி மாதிரிதான்: உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு உறை, தட்டைத் தள்ளினால் உறைக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். பன்னிரண்டாயிரம் பெட்டி, அவசரம். தட்டின் வெளி அகலம் தொண்ணூறு மில்லிமீட்டர் என்று நடுவர் வரைந்தார். உறைக்கும் தொண்ணூறு என்றே போட்டார். உறையின் அட்டைக்கும் கனம் என்று ஒன்று உண்டு, மடித்தால் அது உள்பக்கம் இடத்தைத் தின்னும், வழுக்கிப் போவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்பதெல்லாம் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பதின்மூன்று வருடம் பெட்டி வரைந்தவருக்கு அன்று அது மறந்துபோனதற்குக் காரணம், அதே நேரத்தில் அவர் குழுவில் "கனம் இல்லாத தாள்கள்" பற்றி ஒரு நீண்ட விளக்கம் எழுதிக்கொண்டிருந்ததுதான்.

வழக்கு இதுதான். ஏழாம் பரிமாணத்தின் அதிபதி ஒளிவேந்தன் ஒரு பக்கம். கரித்துண்டால் கிறுக்கப்பட்ட ஒரு தட்டை நாய் மறுபக்கம். ஒரு வரியில் தீர்ப்பெழுதி மூடியிருக்க வேண்டியது. ஆனால் தட்டைமீன் என்ற பெயரில் ஒருவர் குறுக்கே வந்து பணிவாக ஒரு கேள்வி கேட்டார். ஒளிவேந்தன் நாயை அழிக்கவேண்டுமானால் காகிதத்துக்குள் விரலை நுழைக்க வேண்டும். நுழைத்தால், கேரட்டை நறுக்கினால் தெரிகிற வட்டம் போல, விரலின் வெட்டுமுகம் ஒன்று காகிதத்தில் விழும். அந்த வட்டம் நாயின் உலகத்தில்தானே இருக்கிறது? நாய் அதைக் கடித்தால் வலிக்குமா, வலிக்காதா?

நடுவருக்குச் சுருக்கென்றது. ஏறி இறங்கிய பதினொரு பரிமாணங்களில் எங்கேயும் அவருக்குத் தோன்றாத கேள்வி. வலிக்கும் என்றால் சட்டம் போயிற்று. வலிக்காது என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். மூவாயிரம் பேர் காத்திருந்தார்கள். மேசைத் தொலைபேசி அடித்தது, கீழேயிருந்து. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மச்சான் வரைபடத்தை அச்சிட்ட தாளுடன் படியேறி வந்து வாசலில் நின்றார்.

"மாப்ள, உறைக்கும் தட்டுக்கும் ஒரே அளவு போட்டிருக்கீங்க. ஒருதடவை பாத்துடுங்களேன்."

நடுவர் திரும்பவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, ஈ ஓட்டுவது போல ஆட்டினார். "படத்துல எப்படி இருக்கோ அப்படியே பண்ணுங்க மச்சான். மேல எல்லாம் யோசிச்சுத்தான் போடுறோம்" என்றார். மச்சான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வழக்கமாக வெள்ளை அட்டையில் ஒரு மாதிரிப் பெட்டி செய்து பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டுவார்கள். அவசர வேலை என்று அதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார் நடுவர்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒட்டுகிற மேசையில் முதல் தட்டை முதல் உறைக்குள் தள்ளினார்கள். போகவில்லை. ஒட்டுகிற பெண் அதை மேசையில் ஊன்றி அமுக்கினாள். உறை மூலையில் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதற்குள் பக்கத்து மேசைக்காரிகளும் எழுந்து வந்துவிட்டார்கள். பின்னால் பொன்னிறக் கொடிகள் அச்சடித்த உறைகள் பன்னிரண்டாயிரம், ஆள் உயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சேதி மாடிக்கு வந்ததும் நடுவர் கோப்பைத் திறந்தார். தொண்ணூறு, தொண்ணூறு. எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று பார்ப்பதற்காகத்தான், சத்தியமாக அதற்காகத்தான், உறையின் அளவைத் தொண்ணூற்றிரண்டு என்று மாற்றினார். கைப்பழக்கத்தில் சேமிக்கிற பொத்தானையும் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். "படத்துல தொண்ணூத்திரண்டு சரியாத்தான் இருக்கு. அப்ப டையிலதான் தப்பு" என்றார். பின்னாலேயே வந்து நின்ற மச்சானைப் பார்த்து, இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்த ஒரு பிசகை நினைவுபடுத்தி, இன்னொரு தடவை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அன்றைக்கே சொல்லியிருந்ததையும் சொன்னார். நாலு மணிக்கு அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் திரையைப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்தார். திரும்பிப் படியிறங்க ஆரம்பித்தார். நடுவர் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்குத் தாராளமாக நேரம் இருந்தது. ஒரு மனிதர் பதினெட்டுப் படிகள் இறங்குகிற நேரம். அத்தனை படிகளையும் காதால் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்புகளைக் குழுவில் போட்டிருந்தால் மூவாயிரம் பேரும் கைதட்டியிருப்பார்கள். மாதிரி செய்து பார்க்காதது மச்சானின் தவறும்தான். சந்தேகம் இருந்தால் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டாமா? மேலும், கோப்பில் இருப்பதுதான் உண்மை. கோப்பில் தொண்ணூற்றிரண்டு இருக்கிறது. கீழே இருப்பவர் என்ன சொன்னாலும் மேலே எட்டாது. ஒவ்வொரு வாதமும் பிசிறில்லாமல் இருந்தது. ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. கைப்பேசியைத் திறந்தால் தட்டைமீன், "தீர்ப்பு எப்போது, நடுவரே?" என்று கேட்டிருந்தார். மூடிவிட்டார். தன்னைப் பற்றி ஒரு நல்ல நக்கல் வரியாவது தோன்றினால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. அன்றைக்கென்று ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றரைக்குக் கீழே இறங்கினார். மச்சான் தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டை வளைக்கிற குறடு, சின்னச் சுத்தியல், இரும்பு அளவுகோல், எல்லாம் அவருடைய சொந்தச் சாமான்கள், ஒரு துணிப்பையில் ஏறிக்கொண்டிருந்தன. சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. நடுவருக்கு அது என்ன தாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தொண்ணூறு, தொண்ணூறு என்று அச்சிட்ட வரைபடம். மூலையில் தேதியும் நேரமும் இருக்கும்.

"அதை ஏன் மச்சான் காட்டல?"

மச்சான் குறட்டை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பையில் போட்டார். குரலில் கோபமே இல்லை. "காட்டினா உங்க வேலை போயிடும், மாப்ள. எனக்குக் கையில தொழில் இருக்கு. எங்க போனாலும் நாளைக்கே ஒரு மேசை கிடைக்கும். உங்களை யாரு எடுப்பா?"

நடுவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. அவமானம் என்று அவர் இதுவரை நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் விளையாட்டு என்று அப்போது புரிந்தது. தன்னைப் பற்றித் தானே ஆயிரம் தடவை சொன்னதுதான். தண்டம், உதவாக்கரை, எதற்கும் லாயக்கில்லை. இன்னொருவர் அதையே, சிரிக்காமல், அக்கறையோடு, ஒரு அளவைப் படிப்பது போலச் சொன்னபோது தாங்க முடியவில்லை. அதைவிடத் தாங்க முடியாதது, அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்பது.

நாலு மணிக்கு முதலாளியம்மாவின் அறையில் மச்சான் நின்றார். பக்கத்தில் அழைக்கப்படாமலே நடுவரும் போய் நின்றார். முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்ததும் நடுவரின் வாய் தன் வழக்கமான வேலையை ஆரம்பித்துவிட்டது.

"மேடம், நீங்க சம்பளம் குடுத்து ஒரு பெரிய விஞ்ஞானியை மாடியில வெச்சிருக்கீங்க. அட்டைக்குக் கனமே கிடையாதுன்னு கண்டுபிடிச்சவன் நான்தான்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "மச்சானைக் காப்பாத்தப் பாக்கிறீங்க. நல்ல மனசுதான்" என்றார். "ஆனா படத்தை நானே என் கண்ணால பாத்தேனே."

நடுவருக்கு இன்னும் ஒரே ஒரு நக்கல் வரி போதும். சொன்னது சொன்னதாகவும் இருக்கும், சொல்லாததாகவும் இருக்கும். வேலையும் இருக்கும், கூடவே நல்ல மனசுக்காரர் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். மச்சான் மட்டும் துணிப்பையுடன் வெளியே போவார். வாழ்க்கையில் இவ்வளவு கச்சிதமான வாய்ப்பு அவருக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. பக்கத்தில் மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அந்த வரிக்காகத்தான் காத்திருப்பது போல இருந்தது.

"இல்ல மேடம்" என்றார் நடுவர். குரல் கீச்சென்று வந்தது. "நான் போட்டது தொண்ணூறு. காலையில நீங்க உள்ள வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி மாத்தினேன். மாஸ்டர் அன்னைக்கே மேல வந்து கேட்டார். நான் திரும்பிக்கூடப் பாக்கல. இன்னைக்கு நீங்க அவரைச் சொன்னப்ப பக்கத்துலயே வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் உட்கார்ந்திருந்தீர்கள் என்று முதலாளியம்மா கேட்டார். நடுவரிடம் நீண்ட பதில் ஒன்று இருந்தது.

"பயம் மேடம்" என்றார்.

முதலாளியம்மா மச்சானிடம் கையை நீட்டினார். மச்சான் சற்றுத் தயங்கி, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். முதலாளியம்மா அதை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நடுவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அச்சடித்த உறைகளை என்ன செய்வது என்று மச்சானைத்தான் கேட்டார். சோப்புக்கு இரண்டு பக்கமும் சேர்த்து உள்ளே இரண்டு மில்லிமீட்டர் இடம் சும்மா கிடக்கிறது, தட்டை மட்டும் எண்பத்தெட்டுக்கு வெட்டினால் உறையைத் தொடவே வேண்டாம், தட்டில் அச்சு வேலையும் இல்லை என்றார் மச்சான். காலையிலேயே யோசித்து வைத்திருந்தார் போலும். தன்னை வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்களுக்காக யோசித்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரை நோக்கித்தான் கையை ஆட்டினோம் என்று நினைத்தபோது நடுவருக்குக் கண் கலங்கியது.

நடுவரின் வேலை போகவில்லை. ஆனால் அன்று முதல் மாஸ்டர் கையெழுத்துப் போடாமல் எந்த வரைபடமும் இயந்திரத்துக்குப் போகக்கூடாது என்று உத்தரவானது. புதுத் தட்டுகள் வந்ததும், பன்னிரண்டாயிரமும் முடிகிற வரைக்கும், நடுவர் ஒட்டுகிற மேசையில் உட்கார்ந்து தட்டுகளை உறைகளில் தள்ளவேண்டும் என்றும் ஆனது. ஒட்டுகிற பெண் அவருக்கு ஒரு முக்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

வீடு திரும்புகிற பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி, கைப்பேசியில் தீர்ப்பை எழுதினார். "கடிக்கும். வலிக்கும்." விளக்கம் கேட்டு ஒரு கலவரமே வெடித்தது. அவர் விளக்கவில்லை.

மனைவி அவருக்கு முன்னால் வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறு மணிக்கு முன்னால் அவள் வீட்டில் இருந்து அவர் பார்த்ததில்லை. அலுவல் உடையைக்கூட மாற்றாமல் சமையலறை மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். நடுவர் காலணியைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு ஒரு பெரிய கூத்து என்று ஆரம்பித்தார்.

"அண்ணன் மத்தியானமே சொல்லிட்டார்" என்றாள்.

அவருக்கு ஒரு காலணி கையிலேயே நின்றது. அவள் அவரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அந்தத் தாளைக் காட்டச் சொல்லி அண்ணனிடம் எவ்வளவோ மன்றாடியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. கடைசியில் இவளே மூன்று மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள், நாலு மணிக்கு நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று.

"நீ வரலையே" என்றார் நடுவர்.

"வந்தேன். கேட்டுக்கு வெளியில நின்னேன். நீங்களே சொல்லிடுவீங்களோன்னு ஒரு நப்பாசை. அண்ணன் வெளிய வந்து சொல்ற வரைக்கும் கால்மணி நேரம். உள்ள போய் என் வாயால என் புருஷனைக் காட்டிக் குடுக்கணுமா, வேண்டாமான்னு நின்னுட்டே இருந்தேன்." இப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னொரு தடவை என்னை அப்படி நிக்க வெக்காதீங்க."

நடுவரின் நாக்கு நுனியில், பழக்கம், ஒரு நக்கல் வரி வந்து நின்றது. நல்ல வரிதான். அதை விழுங்கிவிட்டு, காலணியைக் கீழே வைத்தார்.

"வெக்கமாட்டேன்" என்றார்.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.